தகரப்பெட்டியில் பிரளயம்

வெங்கிடேஷுக்குப் பாட வராது. வீணை வராது, வயலின் வராது, மிருதங்கத்தின் பக்கத்தில் உட்கார்ந்தால் மிருதங்கமே கொஞ்சம் தள்ளிக்கொள்ளும். ஆனால் சுருதி போட வரும். அதை ஒரு வித்தை என்று யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. மின்விசிறியைப் போடுவதற்கும் சுருதிப்பெட்டியைப் போடுவதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்பார்கள். வித்தியாசம் உண்டு. மின்விசிறியைப் போட்டவர் எழுந்து போய்விடலாம்.

கிழக்கேகோட்டை பஸ்களின் ஹாரன் சத்தம் தேய்ந்து முடிகிற இடத்தில், கோவிலை ஒட்டிய அக்கிரகாரத் தெரு ஒன்றில் அவர் பிறந்தார். முன்னோர் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மலையாள தேசத்துக்குக் கோவில் வேலைக்கு வந்தவர்கள். அத்தை வீட்டில் பாட்டு வகுப்பு நடக்கும். எந்தக் குழந்தை தூங்காமல், சிணுங்காமல், மூக்கை நோண்டாமல் தம்பூராவை மீட்டிக்கொண்டிருக்கும் என்று அத்தை தேடியதில் வெங்கிடேஷ் அகப்பட்டார். அன்றைக்கு மாட்டியவர்தான். தம்பூரா போய் எலக்ட்ரானிக் சுருதிப்பெட்டி வந்தது, தலைமுடி போய் வழுக்கை வந்தது, வேலை மட்டும் மாறவில்லை. தெருவில் யார் பாட வாயைத் திறந்தாலும் பின்னால் வெங்கிடேஷ் இருப்பார். கல்யாண ஆல்பங்களில் பாடகியின் தோளுக்கு மேலே பாதி முகமாகத் தெரிவது அவர்தான்.

கரமனைக்குப் பெண் பார்க்கப் போன இடத்திலும் அதே கதி. பெண்ணைப் பாடச் சொன்னார்கள், கரண்ட் போனது, சுருதிப்பெட்டி செத்தது. மூலையில் ஒரு தம்பூரா சாத்தியிருந்தது. மாப்பிள்ளை பஜ்ஜியைக் கீழே வைத்து, கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, தானே போய் அதை எடுத்து மீட்ட ஆரம்பித்துவிட்டார். பெண்ணின் பெயர் லலிதாம்பாள். குரல் அஞ்சரைக் கட்டை, கூரை ஓட்டைத் தொட்டுவிட்டு இறங்குகிற குரல். முகூர்த்தம் அன்றைக்கே குறித்தாயிற்று.

அதற்குப் பிறகு அவள் பாடவில்லை. சண்டை ஒன்றும் இல்லை. நேரம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். நவராத்திரி வந்தால் அந்த வீட்டில் கொலு உண்டு. லலிதாம்பாளின் அம்மா வைத்துக்கொண்டிருந்த பொம்மைகள் அவளோடு கரமனையிலிருந்து வந்தன. கொலு பார்க்க வருகிறவர்கள் வெறுமனே பார்த்துவிட்டுப் போகக் கூடாது, படிகளுக்கு முன்னால் உட்கார்ந்து ஒரு பாட்டாவது பாட வேண்டும், அப்போதுதான் சுண்டலும் தாம்பூலமும். தெரு மாமிகள் எல்லாரும் வந்து பாடுவார்கள். வெங்கிடேஷ் எல்லாருக்கும் சுருதி போடுவார். லலிதாம்பாள் சமையலறையில் சுண்டலுக்குத் தாளித்துக்கொண்டிருப்பாள். கொலு வைத்தவள் பாடினதாக அந்த வீட்டில் சரித்திரமே இல்லை.

இப்படியே ரிட்டையராகிவிடுவார் என்று தெரு நினைத்திருந்தபோதுதான் அவர் கெட்டுப்போனார்.

வேலை தம்பானூர் ரயில் நிலையத்தின் பார்சல் பிரிவில். ஒரு சாயங்காலம் பாறசாலைக்காரன் ஷிஜு ஒரு பார்சலை வாங்கிக்கொள்ள வந்தான். சாலை பஜாரில் செல்போன் ரிப்பேர் செய்கிறவன், முடி இடுப்புவரைக்கும், பேச்சு இரண்டரை மொழியில். பார்சலில் இருந்தது ஒரு பழைய எக்கோ பெடல். காலால் அமுக்கினால் ஒரு சத்தத்தைப் பிடித்துக்கொண்டு, மறதிக்காரக் கிழவர் மாதிரி திரும்பத் திரும்ப அதையே சொல்கிற சாமான். வழியில் உடைந்ததா என்று பார்க்க ஏதாவது ஒரு சத்தம் வேண்டியிருந்தது. வெங்கிடேஷின் பையில் சுருதிப்பெட்டி இருந்தது, ஆபீஸ் முடிந்து ஒரு பஜனைக்குப் போகிற வழி. ஷிஜு தன் தோள்பையிலிருந்த குட்டி ஸ்பீக்கரை எடுத்து மூன்றையும் ஒயரால் கோத்தான்.

அத்தனை வருஷம் ஒரே மாதிரி முனகிக்கொண்டிருந்த பெட்டி, குற்றாலத்தில் குளித்துவிட்டுத் தலை துவட்டாமல் எழுந்து வந்தது போல் ஒரு சத்தம் போட்டது. மீன் கூடை தூக்கி வந்த போர்ட்டர் சுமையை இறக்கிவைத்துவிட்டு நின்றார். வெங்கிடேஷின் கையில் மயிர்க்கூச்செறிந்தது.

இதற்கு சைக்கடெலிக் என்று பெயர், கேட்டால் தலை கிறுகிறுக்கிற சங்கீதம், தானும் ஒரு தோழியும் ரகசியமாக இதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம் என்று ஷிஜு விளக்கினான். வெங்கிடேஷ் குரலைத் தாழ்த்தி, கஞ்சா சமாச்சாரம் ஏதாவது உண்டா என்று விசாரித்தார்.

"நீங்க அந்த ஸ்விட்சைப் போட்டா போதும் சேட்டா" என்றான் ஷிஜு. "அதுக்கு மேல தாங்காது கேட்டேளா."

தோழியின் பெயர் ரெம்யா. கடைகளுக்குப் போர்டு எழுதுவது பிழைப்பு, மற்ற நேரத்தில் யாரும் கேட்காத ஓவியம். அவளுடைய கடைசிக் கண்காட்சியைச் சங்குமுகம் கடற்கரையில் அலை வருகிற இடத்தில் மணலிலேயே வரைந்து வைத்தாள். திறப்பு விழாவும் நிறைவு விழாவும் ஒரே அலையில் முடிந்தன. ஏதோ ஒரு காலேஜ் குப்பையில் போட்ட புரொஜெக்டர் அவளிடம் இருந்தது. அதன் கண்ணாடித் தட்டில் தேங்காயெண்ணெயும் மஞ்சள் தண்ணீரும் ஊற்றி, ஒரு சொட்டுச் சுண்ணாம்பு விடுவாள். மஞ்சள் சிவப்பாக மாறி எண்ணெயோடு நெளிந்து சுவர் முழுக்க ஊர்ந்து போகும். பார்த்துக்கொண்டே இருந்தால் சுவர் மூச்சு விடுகிறதா நாம் விடுகிறோமா என்று சந்தேகம் வந்துவிடும்.

ஷிஜு கிட்டார், ரெம்யா வெளிச்சம், வெங்கிடேஷ் சுருதி. ஆக மூன்று பேர். பயிற்சியின்போது ஸ்பீக்கர் மேல் ஒரு பல்லி தவறாமல் வந்து உட்கார்ந்து, பாட்டு முடிந்ததும் உச்சுக்கொட்டிவிட்டுப் போகும். அதனால் குழுவுக்குப் 'பல்லிசொல்' என்று பெயர். அவர்களுடைய மிகப் பெரிய பாட்டு 'ஈரத்துண்டு'. காயாத ஒரு துண்டைப் பார்த்து நீ ஏன் காயவில்லை என்று கேட்பதுதான் மொத்தச் சாகித்தியமும். துண்டு காய்கிற நேரம் ஆகும் அது முடிய.

அண்டர்கிரவுண்ட் என்றால் ஊருக்குத் தெரியக் கூடாது என்று ஷிஜு சொல்லியிருந்தான். அதில் அவர்களுக்குக் கிடைத்த வெற்றி வேறு யாருக்கும் கிடைத்திருக்காது. ஒருவருக்கும் தெரியவில்லை. பொன்முடியில் ஒரு கச்சேரி வைத்தார்கள். சாமான்களைப் பஸ்ஸில் ஏற்றி, கொண்டை ஊசி வளைவுகளில் சுருதிப்பெட்டியை மடியில் வைத்துக் கட்டிப்பிடித்தபடி போய்ச் சேர்ந்தார் வெங்கிடேஷ். மூடுபனி இறங்கி ரெம்யாவின் வெளிச்சத்தைத் தின்றுவிட்டது. கேட்டவர்கள், தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து கடைசி பஸ்ஸுக்காக நின்ற இரண்டு பெண்கள். அவர்களில் ஒருத்தி கொஞ்ச நேரம் தலை சாய்த்துக் கேட்டுவிட்டு, மைக் ரிப்பேரானா இங்கே ஆள் கிடைக்காது, கீழே இறங்கி விதுரைக்குத்தான் போகணும் என்று அக்கறையோடு சொன்னாள்.

பயிற்சி வெங்கிடேஷின் வீட்டு மச்சில். வீட்டில் சொன்னது நாமசங்கீர்த்தனம் என்று. லலிதாம்பாள் ஒருநாள் காப்பியோடு மேலே வந்து, கதவைத் திறக்காமல் வாசலில் வைத்துவிட்டு, "ஏன்னா, உங்க பஜனையில பகவான் பேரு எப்போ வரும்?" என்று மட்டும் கேட்டுவிட்டு இறங்கிப் போனாள்.

வெங்கிடேஷுக்கு முழங்கால் வலி. தரையில் சம்மணம் போட முடியாது என்பதால் மச்சில் கிடந்த ஒரு பச்சைத் தகரப்பெட்டியின் மேல் உட்காருவார். டிரம் வாசிக்க ஆள் இல்லாத குழு அது, இருந்த ஒருவனும் துபாய் போய்விட்டான். சுருதி போட ஒரு விரல் போதும், கால் சும்மா இருக்குமா? குதிகாலால் பெட்டியை உதைத்துத் தாளம் போட ஆரம்பித்தார். பிரமாதமான சத்தம். முதலில் வெறும் 'தொம்'. சில மாதங்களில் தொம்மின் வாலில் ஒரு 'சிலுங்' சேர்ந்துகொண்டது. பிறகு கடல் அலை கூழாங்கற்களை இழுத்துக்கொண்டு திரும்புவது போல் ஒரு சரசரப்பு.

"ஒவ்வொரு வாரமும் டோன் நல்லாயிட்டே வருதே, சேட்டா" என்று ஷிஜு பெட்டிக்குள்ளேயே மைக்கை விடாத குறையாகப் பக்கத்தில் வைத்து ரெக்கார்டு செய்தான். உள்ளே என்ன இருக்கிறது என்று மூன்று பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. நன்றாக ஓடுகிற வண்டியின் எஞ்சினை யார் திறந்து பார்க்கிறார்கள்?

அந்த வருஷம் மகள் ஜானவிக்குப் புனேயில் பிரசவம். லலிதாம்பாள் ஆடியிலேயே கிளம்பிப் போனாள். போகும்போது அவள் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்று, கொலு நிற்கக் கூடாது. வெள்ளம் வந்த வருஷமும் நின்றதில்லை, கொரோனா வருஷமும் நின்றதில்லை. அம்மாவிடமிருந்து அவளுக்கு வந்தது வேறு எதுவும் இல்லை, நகை அண்ணா கல்யாணத்துக்குப் போயிற்று, வீடு விற்றுப் போயிற்று, அந்தப் பொம்மைகள்தான். வெங்கிடேஷ் சுருதிப்பெட்டியின் திருகைத் திருகியபடியே சரி சரி என்றார்.

நவராத்திரி வந்தது. முதல் நாள் போனில் அவள் கேட்டபோது 'வெச்சாச்சு' என்றார். நாளைக்கு வைத்துவிடலாம் என்ற தைரியம்தான். போட்டோ கேட்டபோது போனில் கேமரா சரியில்லை என்றார். மறுநாள் ஈரத்துண்டு, அதற்கு மறுநாளும் ஈரத்துண்டு. பயிற்சி நடுவே மறுபடியும் போன் வந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் தெருவில் எல்லாரையும் கொலுவுக்குக் கூப்பிட்டாயிற்று, ஒவ்வொருத்தரையும் தானே போனில் அழைத்ததாக லலிதாம்பாள் சொன்னாள். அண்ணாவும் வருகிறாராம்.

"அந்தச் செட்டியார் பொம்மைக்குக் கழுத்து லூசு. பச்சைப் பெட்டியிலேருந்து பதனமா எடுத்தேளோ?"

தாளத்துக்கு எழும்பிய வெங்கிடேஷின் குதிகால் அந்தரத்திலேயே நின்றது. குனிந்து பார்த்தார். பெட்டி பச்சை.

"எடுத்தேன்" என்றார்.

பெட்டியைத் திறந்தார்கள். பழைய வேட்டித் துணிகளுக்கு நடுவே செட்டியாரின் தொப்பை தனியாகவும் அவருடைய பலசரக்குக் கடை தனியாகவும் கிடந்தன. தசாவதாரத்தில் ஆமை மட்டும் முழுசு. கல்யாண ஊர்வலத்தில் பல்லக்கு இருந்தது, மாப்பிள்ளை இல்லை. அடியில் நல்ல மாவாக ஒரு அடுக்கு. அதுதான் அந்தக் கடல் அலைச் சத்தம். முழுசாக மிஞ்சியது மரப்பாச்சி ஜோடி. மரமல்லவா, உதைக்கு அசரவில்லை.

ஷிஜு ஒரு கைப்பிடிச் சல்லியை எடுத்துப் பெட்டியில் மெல்லப் போட்டு, "இதுதான் அந்த டோன்" என்றான், பிறகு தன் வாயைத் தானே பொத்திக்கொண்டான்.

வெங்கிடேஷ் ஆமையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். புதுப் பொம்மை வாங்கி அடுக்கிவிடலாம் என்று ஷிஜு சொன்னான். அவர் கேட்கவில்லை. கரமனை வீட்டில் தம்பூரா மீட்டிய அன்று, பக்கத்து அலமாரிக் கண்ணாடிக்குப் பின்னால் இந்தச் செட்டியார் நின்றுகொண்டிருந்தார். அது இப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது.

"கொலு நிக்கப்படாது, அவ்வளவுதான்" என்றார். "இதைத்தான் வெக்கணும்."

உடைந்து பின்னமான பொம்மையைக் கொலுவில் வைக்கக் கூடாது என்று தெருவில் கைக்குழந்தைக்கும் தெரியும். ரெம்யாவுக்குத் தெரியாது. அவள் சந்தோஷமாகச் சட்டைக் கையை மடித்துக்கொண்டாள். படிப்பலகைகளை அடுக்கி வெள்ளை வேட்டி விரித்து, உச்சியில் மரப்பாச்சி ஜோடியை நிறுத்தினாள். அதற்குக் கீழே துண்டுகள், பெரியதிலிருந்து சிறியதாக இறங்கி இறங்கி, கடைசிப் படியில் அந்த மாவையே அலை அலையாகக் கோலம் இழுத்தாள். கோலத்தில் நீந்துகிற மாதிரி ஆமை. அறுந்த கிட்டார் கம்பியில் கட்டின பொம்மைக் கைகள் மேலிருந்து தொங்கின. எண்ணெய் வெளிச்சத்தை அதன் மேல் விட்டதும் எல்லாத் துண்டுகளும் மூச்சு விட ஆரம்பித்தன. ஸ்பீக்கர்களை எங்கே ஒளிப்பது என்று தெரியாமல் படிக்கு இரண்டு பக்கமும் நிறுத்தி, ஒவ்வொன்றின் மேலும் ஒரு குத்துவிளக்கு வைத்தார்கள்.

வெள்ளிக்கிழமை மாமிகள் வந்தார்கள், பட்டுப்புடவையும் மல்லிகையுமாக. கூடத்துக்குள் காலடி வைத்த வேகத்தில் நின்றார்கள். பின்னால் வந்தவர்கள் முன்னால் நின்றவர்கள் மேல் மோதினார்கள். வெங்கிடேஷ் சுருதிப்பெட்டியின் பின்னால் உட்கார்ந்திருந்தார். அதன் பின்னால் இருக்கும்போது தான் யார் கண்ணிலும் படுவதில்லை என்பது அவருடைய ஆயுட்கால நம்பிக்கை.

எல்லாரும் விஜயலக்ஷ்மி மாமியைப் பார்த்தார்கள். தெருவில் எது ஆசாரம், எது அபசாரம் என்று தீர்ப்பு சொல்வது அவர். மாமி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். படி படியாக மேலே போனார், கீழே வந்தார், ஆமையிடம் வெகுநேரம் நின்றார்.

"தீம் கொலுவாடா, வெங்கிடேஷா?"

இந்தக் காலத்தில் தெருவில் எல்லார் வீட்டிலும் தீம்தான். ஒரு வீட்டில் சந்திரயான், ஒரு வீட்டில் விமான நிலையம். வெங்கிடேஷ் தலையை எந்தப் பக்கமும் சேராமல் அசைத்தார்.

"சொல்லாதே, நானே கண்டுபிடிக்கறேன்" என்று மாமி கையை உயர்த்தினார். "பிரளயம். எல்லாம் ஒடைஞ்சு கரைஞ்சு போயிடறது. மேல ஒரு ஜோடி மட்டும் மிச்சம். ஆமை வந்துடுத்து பாரு, இனிமே மறுபடியும் கடையணும்." திரும்பிக் கூட்டத்திடம் சொன்னார், "விமான நிலையம் வெச்சவாள்லாம் நன்னா பாத்துக்கோங்கோ."

அதோடு பின்னம் என்ற சொல் அந்தக் கூடத்தில் எழவே இல்லை. மாமி ஜமக்காளத்தில் உட்கார்ந்து, நாலரைக் கட்டை என்று விரலால் சைகை காட்டினார். வெங்கிடேஷ் ஸ்விட்சைப் போட்டார். பெட்டியும் பக்கத்திலிருந்த மைக்கும் எக்கோவோடு இணைந்திருந்ததை அவர் மறந்தே போயிருந்தார். மாமி ஒரு வரி பாடினார், கூடம் அதை ஏழெட்டுத் தடவை திருப்பிப் பாடியது. மாமி நிறுத்தி, ஸ்பீக்கரை ஒரு பார்வை பார்த்து, அடுத்த வரியை வேண்டுமென்றே கொஞ்சம் தூக்கலாகப் பாடினார். ஷிஜு சுவரோரமாக கிட்டாரில் பயந்து பயந்து ஒரு இழை விட்டான். பிறகு பயப்படாமல் விட்டான். சுவரில் சிவப்பு மெதுவாகச் சுழன்றது. ஆரத்தியைச் சுவரிலேயே சுத்தறாளே என்று யாரோ வியந்தார்கள். வாழ்நாளில் இரண்டு சரணத்தைத் தாண்டாதவர்கள்கூட எழுந்திருக்க மனமில்லாமல் பாடினார்கள். ரெம்யா செய்த சுண்டலில் உப்பு இல்லை, ஒருவரும் கவனிக்கவில்லை. பல்லிசொல்லுக்குக் கூட்டம் என்று ஒன்று கூடியது அன்றைக்குத்தான், அதுவும் சுண்டலோடு.

வெங்கிடேஷ் மட்டும் மடியிலிருந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தார். தெருவே பிரளயம் என்று சொல்லட்டும். பொம்மைக்குச் சொந்தக்காரி புனேயில் இருக்கிறாள்.

மச்சினர் சாம்பசிவன், லலிதாம்பாளின் அண்ணா, கடைசியாக வந்தார். குடியிருப்போர் சங்கத் தலைவர், எதையும் போட்டோ எடுக்காமல் நம்பாதவர். மாப்பிள்ளைக்கு இத்தனை கற்பனையா என்று முதுகில் தட்டிவிட்டு, படிகளை நாலாப் பக்கமும் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டார். வெங்கிடேஷ் அதைத் தடுக்க எழுந்திருப்பதற்குள் முழங்கால் மக்கர் பண்ணியது. அவர் உட்கார்ந்த மாதிரியே இருக்க, மடியில் போன் அடித்தது. வீடியோ கால்.

லலிதாம்பாள் ஏதோ ஒரு அடுக்குமாடிச் சமையலறையில் நின்றிருந்தாள். தோளில் குழந்தை. முகத்திலிருந்து ஒன்றும் தெரியவில்லை.

"கேமரா சரியாயிடுத்தா?" என்றாள். பிறகு, "காட்டுங்கோ. மெதுவா. மேலேருந்து."

ஷிஜு பெடலிலிருந்து காலை எடுத்தான். கூடம் அடங்கியது. வெங்கிடேஷ் போனைத் திருப்பி ஒவ்வொரு படியாகக் காட்டினார். செட்டியாரின் தொப்பையைக் காட்டினார், கடையைக் காட்டினார். மாவு வரைக்கும் வந்து நின்றார். லலிதாம்பாள் முகத்தைத் திரைக்குக் கிட்டே கொண்டுவந்தாள்.

"காலாலேயா?"

"ஆமா."

"நெனச்சேன்" என்றாள் அவள். "சித்திரைக்கு அப்புறம் சத்தம் மாறித்து. ஏதோ புதுசா வாத்தியம் வாங்கியிருக்கேளாக்கும்னு நெனச்சேன். அடுக்களையில நின்னு கேட்பேன். நன்னாத்தான் இருந்தது, பாழாப் போக." மூக்கை உறிஞ்சினாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று அந்தச் சின்னத் திரையில் சொல்ல முடியவில்லை. "நான் வர்றவரைக்கும் ஒரு துண்டைக்கூட எறியப்படாது. அந்த மாவு உட்பட."

வெங்கிடேஷ் என்ன சொல்ல வேண்டும்? மன்னிப்பு கேட்கலாம், காரணம் சொல்லலாம். ஆயுசு முழுக்க மற்றவர்கள் பேசி முடிக்கக் காத்திருந்தே பழகியவர் அவர். கை மட்டும் சுருதிப்பெட்டிக்குப் போனது. நாலரையில் இருந்த திருகை அஞ்சரைக்குத் திருகினார்.

"லலிதா. கொலு பார்க்க வந்தா பாடணும்."

"நானா? நான் கொலு வெக்கற வீடுன்னா அது."

"இந்த வருஷம் நான் வெச்சேன். நீ பார்க்க வந்திருக்கே."

குக்கர் வைத்திருக்கிறேன், குழந்தை தூங்குகிறது என்று என்னென்னவோ சொன்னாள். விஜயலக்ஷ்மி மாமி ஜமக்காளத்திலிருந்து, பாடாவிட்டால் சுண்டல் கிடையாது என்று அறிவித்தார். ஷிஜு போனை வாங்கி மைக்குக்கு முன்னால் பிடித்து, பெடலில் மறுபடி காலை வைத்தான்.

லலிதாம்பாள் பாடியது ஒரு தாலாட்டு. ரெண்டு மாதமாகத் தோளில் கிடக்கிற அந்த ஒற்றை ரசிகனுக்குப் பாடிக்கொண்டிருந்தது. குரல் கொஞ்சம் கரகரத்துத் தொடங்கி, பிறகு வழி கண்டுபிடித்துக் கூரைக்குப் போனது. நெட்வொர்க் ஒரு நொடி தாமதம், பெடல் அதன் மேல் இன்னும் தாமதம். ஒரு லலிதாம்பாள் பாட, அவளுக்குப் பின்னால் ஒருத்தி, அவளுக்கும் பின்னால் ஒருத்தி என்று கூடம் முழுக்க நின்றார்கள். மாமிகளில் பாதிப் பேருக்கு அவளுக்குப் பாட வரும் என்பதே தெரியாது. வெங்கிடேஷ் கண்ணை மூடவில்லை. ஒரே ஸ்வரத்தை, கெட்டியாக, அவள் எத்தனை பேராகத் திரும்பி வந்தாலும் அத்தனை பேரும் வந்து நிற்க இடம் இருக்கிற மாதிரி, பிடித்துக்கொண்டே இருந்தார்.

பாட்டின் நடுவில் புனேயில் குக்கர் விசில் அடித்தது. பெடல் அதை அப்படியே பிடித்துக்கொண்டது. விசில், மறுபடி விசில், இன்னும் மெலிதாக விசில் என்று கிழக்கேகோட்டையில் கூடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது. ஸ்பீக்கரோடு மச்சிலிருந்து இறங்கி வந்திருந்த பல்லி ஓடிப்போனது.

லலிதாம்பாள் பாட்டை நிறுத்தினாள்.

"ஏன்னா, எத்தனை விசிலாச்சு?"

"ஒண்ணுதான்" என்றார் வெங்கிடேஷ். "மீதியெல்லாம் நாங்க. நீ பாடு."